மாதிரித் துண்டு பின்னாத ஆய்வாளர்

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு எடை அளவு ஆய்வாளர் அம்மாளை முதன்முதலாகச் சந்தித்தேன். நூலகத்தின் பின்னறையில், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் நடத்திய, நானும் சேர்ந்திருந்த பின்னல் வகுப்பின் முதல் நாள் அது. ஆய்வாளர் உள்ளே வந்ததும் உட்காரவில்லை. மேசைமேல் கிடந்த அளவு நாடாவை எடுத்து, தம் பையிலிருந்த இரும்பு அளவுகோலோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.

"இது ரெண்டு மில்லிமீட்டர் நீண்டு போயிருக்கு. இத வெச்சு எத்தன பேர ஏமாத்தினீங்க?"

செவிலியர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார், பாவம்.

இருபத்தாறு ஆண்டுகளாகக் கடைக்காரர்களின் தராசுகளைச் சோதித்து முத்திரையிட்டவர் ஆய்வாளர். ஐம்பத்தைந்து வயதில் அவரை ஊசி எடுக்க வைத்தவர் மகளின் மாமியார். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தம் கையாலேயே ஏழு ஸ்வெட்டர் பின்னிவிட்டதாக அந்தச் சம்பந்தியம்மாள் தொலைபேசியில் அறிவித்து, "நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க சம்பந்தி" என்றும் சேர்த்திருந்தார். அந்தக் கடைசி வாக்கியம் ஆய்வாளரின் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒன்றேனும் பின்னி, அந்த அம்மாளின் கண்முன்னேயே குழந்தைக்கு அணிவிக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று முடிவு செய்தார்.

முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, அதில் எத்தனை கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், வருகின்றன என்று எண்ணி, அதை வைத்து ஆடையின் அளவைக் கணக்கிடச் சொன்னார் செவிலியர்.

"மாதிரி எதுக்கும்மா? என் கண்ணே அளவுகோல்தான்."

ஊரில் எவர் அளவையும் நம்பாதவர், தம் கண்ணை மட்டும் சோதனையின்றி ஏற்றுக்கொண்டார்.

பழகுவதற்காகப் பின்னிய மஃப்ளர் முப்பது கண்ணிகளில் தொடங்கி நாற்பத்தேழில் முடிந்தது. வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசிமேல் ஏறி, ஒரு கண்ணி இரண்டாகத் தெரிந்தபோதெல்லாம் இரண்டையும் பின்னியிருந்தார்.

"பதினேழு கூடுதலா வந்திருக்கே மேடம்?" என்றார் செவிலியர்.

"கூடினா குத்தமில்ல. கொறஞ்சாத்தான் கேஸு."

அடுத்துப் பின்னிய குல்லாய் வகுப்பறைக் குப்பைக் கூடைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிறகு ஸ்வெட்டர். கடைக்காரர்களோடு சண்டையிட்ட நாள்களில் கண்ணிகள் இறுகின, விடுமுறைகளில் தளர்ந்தன. ஸ்வெட்டரின் இடக்கையைத் தொட்டுப் பார்த்தாலே அந்த வாரம் எத்தனை வழக்குகள் என்று சொல்லிவிடலாம். பதினொரு முறை பிரித்துப் பின்னினார். மாதிரித் துண்டு மட்டும் பின்னவில்லை.

குழந்தைக்கு இரண்டு மாதமானபோது சம்பந்தி வீட்டுக்குப் புறப்பட்டார். சாட்சி வேண்டும் என்று என்னையும் இழுத்துச் சென்றார். ஏழு ஸ்வெட்டர்களும் சோபாவில் அணிவகுத்திருந்தன. எட்டாவதைக் குழந்தையின் தலைவழியே ஆய்வாளர் மாட்டினார். அது காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. குழந்தை வீடு அதிர அலறியது.

"பிள்ளைக்குத் தலை கொஞ்சம் பெருசு" என்றார் ஆய்வாளர்.

"தலை சரியாத்தான் இருக்கு சம்பந்தி. ஓட்டைதான் சிறுசு."

மருமகன் ஸ்வெட்டரைக் கழற்றித் தன் தாயிடம் நீட்டினான். "அம்மா, நீதான் ஏழு பின்னினியே. கழுத்த மட்டும் பிரிச்சுச் சரிபண்ணிக் குடேன்."

சம்பந்தியம்மாள் ஆய்வாளரிடம் பின்னல் ஊசியை வாங்கி, காய்ச்சல் பார்க்கும் கருவியைப் போலத் தூக்கிப் பிடித்தார். கழுத்தை விட்டுவிட்டு, கீழ் ஓரத்தில் நூலின் நுனியைத் தேடினார். பிறகு, "கத்தரிக்கோல் எங்கடா வெச்சே?" என்றார்.

நூலை இழுத்தாலே பின்னல் பிரிந்துவிடும்; ஒரு முறையேனும் பிரித்துப் பின்னியவர் எவரும் கத்தரிக்கோல் கேட்கமாட்டார். ஆய்வாளரின் பார்வை சோபாவுக்குச் சென்றது. ஏழு ஸ்வெட்டர்கள், ஏழிலும் ஒரு கண்ணி பிசகவில்லை, இயந்திரம் பின்னியதுபோல. தராசுத் தட்டின் அடியில் காந்தத்தைக் கண்டுபிடித்த அதிகாரியின் முகம் அவருக்கு வந்தது. வழக்குப் பதிவாகப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குடுங்க சம்பந்தி. கண்ணாடி போடாம உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நானே பாத்துக்கறேன்."

சம்பந்தியம்மாளின் மூக்கின்மேல் கண்ணாடி இருந்தது. அவர் அதை அவசரமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் கழுத்தைப் பிரித்து, தளர்வாகப் பின்னி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. இம்முறை தலை நுழைந்தது. ஸ்வெட்டரின் வலக்கை இடக்கையைவிட இரண்டு விரற்கடை நீளம். "அளவு கச்சிதம்" என்றார் சம்பந்தியம்மாள், பார்க்காமலே.

நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. பேரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, விடுமுறைக்கு யார் வீட்டில் விடுவது என்று இருவருக்கும் எத்தனையோ சண்டைகள். பெரும்பாலும் ஆய்வாளருக்கே தோல்வி. ஏழு ஸ்வெட்டர்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றிலும் வென்றிருப்பார். இன்றுவரை கேட்கவில்லை.