பாவா வராரு

மாடி வீட்டில் குடியிருக்கும் பிரசாந்த் வங்கியில் வேலை பார்க்கிறவன். கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. போன வாரம் முழுக்க மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் மனைவி வந்து முறையிட்டாள். என்னவோ ஏதோ என்று பயந்துபோய் விசாரித்தால், யாரோ ஒரு வேகப்பந்து வீச்சாளர் இவன் ஆதரிக்கும் அணிக்கு வரப்போகிறாராம். காலையில் வருகிறாராம், மத்தியானம் வரவில்லையாம், சாயங்காலம் பேச்சு நடக்கிறதாம். "வராரா வரலியான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கிறானுங்களா பாருங்க சார்!" என்று படிக்கட்டில் நின்று என்னிடம் கத்தினான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தவனுக்குக் கொஞ்ச நேரத்தில் முகம் சுட ஆரம்பித்துவிட்டது. இந்த 'வராராம்' என்கிற சொல்லைக் கேட்டு நான் சிரிக்கக்கூடாது. சிரிக்கிற யோக்கியதை எனக்கோ எங்கள் ஊருக்கோ கிடையாது.

எழுபதுகளில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு தங்கும் விடுதியில் எனக்கு வேலை. முன்மேஜையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அறை கொடுப்பது, சாவி வாங்கி மாட்டுவது, தண்ணீர் வரவில்லை என்றால் திட்டு வாங்குவது. அந்த வேலையை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் நினைவு வருகிறது. மொட்டையடித்த தலைகளில் பூசிய சந்தனம், ஈரத்துண்டு, கற்பூரம், குளிக்காமல் அழும் குழந்தை, எல்லாம் கலந்த ஒரு வாசம். இப்போதும் யாராவது மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என் கை தானாகச் சாவியைத் தேடுகிறது.

அந்த மேஜையின் மேல் ஒரு கருப்புத் தொலைபேசி இருந்தது. யாரும் ஓசியில் பேசிவிடக்கூடாது என்று முதலாளி அதற்குப் பூட்டுப் போட்டிருந்தார். பூட்டின் சாவி என்னிடம். அதனால் ஊரில் எனக்குத் தனி மரியாதை. எங்கள் வாலிபால் குழுவின் செயலாளரே என்னைத் தேடி வருவார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவர் மாலைக்கடை வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் நைனாதான். சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மலைக்குப் போகிறவர்களுக்கு மாலை கட்டிக்கொண்டே, சாமந்தியை எடுக்கும் கையால் அடுத்த போட்டிக்கு ஆளையும் எடுப்பார். "நூலு கெட்டியா இருந்தா போதுமாடா, பூவு வேணாமா?" என்பார். பூ என்று அவர் சொன்னது ஆட்டக்காரரை.

எங்களிடம் இருந்த பூ எபி அண்ணன். எபினேசர் என்று முழுப்பெயர். ஏகாம்பரகுப்பத்தில் விசைத்தறிகளைப் பழுது பார்க்கிற வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயந்தரம் ரேணிகுண்டாவிலிருந்து வரும் பாசஞ்சரில் இறங்குவார். தோளில் பை, கையில் டிபன் கேரியர். அம்மாவைப் பார்க்க வீட்டுக்குப் போகிற வழியில் மைதானம் என்பதால் அப்படியே உள்ளே வந்து நாலு பந்து அடித்துவிட்டுத்தான் போவார். மறுநாள் காலையில் சர்ச், அப்புறம் மறுபடி மைதானம். உயரம் அப்படியொன்றும் இல்லை. ஆனால் எகிறினால், இந்த மனுஷன் இறங்குவாரா மாட்டாரா என்று நமக்குக் கழுத்து வலிக்கும்.

கோளாறு என்னவென்றால், பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கும் போட்டியில் பொதட்டூர்பேட்டைக்காரர்களிடம் நாங்கள் வருஷா வருஷம் தோற்றுக்கொண்டிருந்தோம். அவர்கள் எல்லாம் தறியில் உட்கார்ந்து மிதித்து மிதித்துத் தொடை இறுகிய ஆட்கள். எபி அண்ணன் ஒருவரே ஒரு பக்கம் முழுவதையும் எவ்வளவு நேரம்தான் இழுப்பார்? தோற்றால் நாங்கள் யாரைத் திட்டுவோம்? பந்தைக் கோட்டை விட்டவனைத் திட்டமாட்டோம். அடிக்கிறவரைத்தான் திட்டுவோம். "எபிக்கு வயசாயிடுச்சு" என்று முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை. கொஞ்ச நாளில் எல்லோரும் சொன்னோம். அவருக்கு அப்போது முப்பது கூட ஆகியிருக்காது.

இந்த நேரத்தில்தான் நெட்டை பாஸ்கர் பேச்சு கிளம்பியது. ரேணிகுண்டாப் பக்கத்து ஆள். ஏதோ ஆலை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர் அங்கே மனஸ்தாபமாகி வெளியே வந்துவிட்டார், இந்த வருஷம் யாருக்கும் கட்டுப்பட்டவர் இல்லை என்று செய்தி. அவ்வளவுதான். ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பொதட்டூர்பேட்டை டவுன் பஸ் கண்டக்டர் இறங்கியதும் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வோம். "நம்ம ஊருக்குத்தான் வராராம்." மறுநாள், "இல்லப்பா, அவங்க ஊருக்குப் போறாராம், சைக்கிள் ஒண்ணு வாங்கித் தரேன்னாங்களாம்." அதற்கு மறுநாள் ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டில் அவர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒருவன் மலையைக் காட்டிச் சத்தியம் செய்தான். முழங்கால் போய்விட்டது என்று ஒருவன் சொல்ல, அவனை அடிக்கப் போனோம். நான் அறைச் சாவியை மாற்றி மாற்றிக் கொடுத்து, புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடியின் அறைக்குள் சித்தூர்க்காரக் குடும்பம் ஒன்றை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த வாரம்தான். தூக்கத்தில்கூட 'வராராம், வரலியாம்' என்று உளறியதாக அறைத்தோழன் சொன்னான்.

பொறுக்கமுடியாமல் நைனா போட்டிக்கு முந்தின வெள்ளிக்கிழமை விடுதிக்கு வந்தார். பாஸ்கருடைய தங்கை புருஷன் புத்தூரில் கடை வைத்திருக்கிறார், அங்கே போன் இருக்கிறது. தெலுங்கு முறைப்படி பாஸ்கர் அவருக்குப் பாவா, அதாவது மச்சான். பூட்டைத் திறந்து டிரங்க் கால் பதிந்தேன். லைன் கிடைத்தபோது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. நைனா தொண்டை கிழியக் கத்தினார்.

"அலோ! பாஸ்கரு நாளைக்கி சாயந்தர வண்டில வராரா?"

கொரகொரவென்று இரைச்சல். அதற்கு நடுவில் ஒரு குரல். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. திரும்பத் திரும்ப ஒரே வார்த்தை. அப்புறம் லைன் செத்துவிட்டது. நைனா ரிசீவரை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பாவா வராருன்னுட்டாண்டா! ரெண்டு வாட்டி சொன்னான்! பாவா வராரு!"

நாங்கள் போட்ட கூச்சலில் மொட்டையடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு முழுக் குடும்பம் எழுந்து வெளியே ஓடிவந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ரயிலடியில் மேளம். நைனா தன் கையாலேயே கட்டிய மாலை, சாமந்திக்கு நடுவே மரிக்கொழுந்து வைத்து, ஒரு ஆளால் தூக்கமுடியாத கனம். ஆறு பேரில் யார் யார் என்பதுகூட முடிவாகிவிட்டது. பாஸ்கர் உள்ளே, எபி அண்ணன் வெளியே. அதை அவரிடம் சொல்லவேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் அதே வண்டியில்தான் வருவார் என்பதுகூட அந்த மேளச் சத்தத்தில் எங்கள் புத்தியில் ஏறவில்லை.

வண்டி நின்றது. எங்களுக்கு நேர் எதிரே இருந்த பெட்டியிலிருந்து முதலில் இறங்கியவர் எபி அண்ணன். தோளில் பை, கையில் கேரியர். மேளத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகமெல்லாம் வெட்கம்.

"இன்னா நைனா இது? அதுக்குள்ள உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றார். "ஆர்.கே.பேட்டக்காரங்க வந்து கூப்ட்டாங்க, நெசந்தான். முடியாதுன்னு அனுப்பிட்டேன். நம்ம ஊர வுட்டுட்டு நான் எங்க போவப் போறேன்? அதுக்குப் போயி மேளம்லாம் வெச்சிகினு…"

சொல்லிக்கொண்டே கேரியரைக் கீழே வைத்தார். கழுத்தைக் குனிந்துகொடுத்தார்.

நைனா தூக்கிய மாலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். "எபி, நீ கொஞ்சம் தள்ளிக்கோப்பா. உனக்கில்ல. பாஸ்கரு வராரு."

யாரோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு தொற்றிக்கொள்ளும் பாருங்கள், கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். குனிந்த கழுத்தை நிமிர்த்த அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கேரியரை எடுத்துக்கொண்டு, வழி விட்டு, தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். அப்படியே வீட்டுக்குப் போயிருந்தால்கூட எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் போகவில்லை. பாஸ்கரைப் பார்க்க அவரும் காத்திருந்தார்.

பாஸ்கர் வரவில்லை. ஒவ்வொரு பெட்டியாக ஓடிப் பார்த்தோம். நெட்டையாக இறங்கிய ஒருவரைப் பிடித்து மேளக்காரர்கள் வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள், அவர் யாரோ அரிசி வியாபாரி. வண்டி அரக்கோணம் பக்கம் போய் மறைந்தது. மாலையோடு நைனா நடு பிளாட்பாரத்தில் நின்றார். பிறகு, சும்மா திரும்பிப் போக முடியாமலோ என்னவோ, தூணைப் பார்த்து, "சரி, எபி, இன்னா இப்போ? நீயே போட்டுக்க வா" என்றார்.

எபி அண்ணன் வரவில்லை. "கொண்டுபோயி சாமிக்குப் போடுங்க நைனா" என்று சொல்லிவிட்டு நடந்தார். குரலில் கோபமே இல்லை.

என்ன நடந்தது என்பது மாசி மாதம்தான் தெரிந்தது. அந்தத் தங்கை புருஷன் குழந்தைக்கு மொட்டை போட வந்து எங்கள் விடுதியிலேயே தங்கினார். நான் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ ராமா, 'ராரு, பாவா ராரு'ன்னுதானேங்க நான் கத்தினேன்!" தெலுங்கில் 'ராரு' என்றால் வரமாட்டார். தமிழில் 'வராரு' என்றால் வருகிறார். எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சைத் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்போம், நடுவில் எங்கே எல்லை தாண்டினோம் என்று எங்களுக்கே தெரியாது. அதுவும் தெலுங்கு வீட்டில் பிறந்த நைனாவுக்கு 'ராரு' புரியாதா? புரியும். அன்றைக்கு அவருக்கு 'வராரு' வேண்டியிருந்தது, அதனால் அதுதான் கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் அப்படித்தான் கேட்டது.

அதற்கெல்லாம் முன்னால், ரயிலடிக்கு மறுநாள், போட்டி நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறதே. ரயிலடிச் சங்கதி முதல் பஸ்ஸிலேயே பொதட்டூர்பேட்டைக்குப் போய்விட்டது. அவர்கள் ஊர் ஜனம் மைதானத்தைச் சுற்றி நின்றுகொண்டு, எங்கள் ஆள் பந்தைத் தொடும்போதெல்லாம், "பாவா வராரு, பாவா வராரு!" என்று கோஷம் போட்டது. நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். எபி அண்ணன் சர்ச்சிலிருந்து நேராக வந்து, சட்டையை மடித்து வைத்துவிட்டு ஆட இறங்கினார். அன்றைக்கு ஆடினாரே ஓர் ஆட்டம்! எதிரணிக்காரர்களே கோஷத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்தோம். ஜெயித்த ஊர் தொண்டை கிழியக் கத்தவேண்டாமா? 'எபி' என்று கூப்பிட்டுக் கத்த ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. நைனா புதுசாக ஒரு மாலை கொண்டுவந்திருந்தார். அதை விரித்துக்கொண்டு பக்கத்தில் போனபோது, எபி அண்ணன் நேராக நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் நீட்டினார்.

"கையில குடுங்க நைனா."

வாங்கி, கேரியர் மேல் வைத்து எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை வண்டியில் அவர் இறங்குவது குறைந்தது. கொஞ்ச மாதத்தில் வந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏகாம்பரகுப்பத்தோடு போய்விட்டார். மறுவருஷம் பொங்கல் நெருங்கியதும் அவரைக் கூட்டிவர என்னை அனுப்பினார்கள். நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர் எனக்கு. தறிச் சத்தத்துக்கு நடுவில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். நைனா உடம்பு எப்படி, உன் வேலை எப்படி என்று எல்லாம் விசாரித்தார். நான் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தேன்.

கேட்டுக்கொண்டார். டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் மெதுவாக, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"ஏம்ப்பா, இந்த வருசம் வேற யாரும் வரலியா?"

நன்றாகப் பேசுகிற நான் டீக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். அடுத்த வண்டியில் தனியாகத் திரும்பினேன்.

குழு அப்புறம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. வெளியூரிலிருந்து யார் யாரையோ கொண்டுவந்து ஆடினார்கள், அடுத்த வருஷம் அவர்கள் வேறு ஊருக்கு ஆடினார்கள். அந்த மைதானத்தில் இப்போது கிருத்திகைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. விடுதியை இடித்துக் கட்டிவிட்டார்கள். நைனா போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது. ஆள் கிடைக்காத ஊர் இப்போது எதுவும் இல்லை, காசிருந்தால் யாரும் வருவார்கள். கூப்பிடாமல், கேட்காமல், வேறு ஊர்க்காரன் அழைத்ததையும் தள்ளிவிட்டு, எங்கள் ஊருக்கென்றே வண்டியிறங்கிய ஒரே ஒரு மனுஷரை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து சிரித்து அனுப்பிவிட்டோம்.