வல்லிபுரம் அண்ணன் வடித்த பியர்

நிலாவெளிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஹோட்டலின் பாரில் நிற்பவர் வல்லிபுரம் அண்ணன். பக்கத்துச் சல்லி ஊர்க்காரர், அறுபதைத் தாண்டியவர். நான் முனீப். கிண்ணியாவிலிருந்து வந்து அதே ஹோட்டலின் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். என் குசினிக்கும் அவருடைய பாருக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக அவர் தேசிக்காய் கேட்பார், நான் ஐஸ் கேட்பேன், இரண்டு பேரும் மனேஜரைப் பற்றிக் கதைப்போம். நான் மதுவைத் தொடாதவன். அப்படியிருந்தும் பியர் ருசி பார்ப்பதைப் பற்றி இன்றைக்கு எனக்கு நாலு விஷயம் தெரியும் என்றால், அண்ணன் செய்து வைத்த ஒரு வேலைதான் காரணம்.

அண்ணனுக்குக் கலங்கலைக் கண்டால் ஆகாது. தேசிக்காய்த் தண்ணீரை வடிப்பார், இளநீரை வடிப்பார், பப்பாசி ஜூஸைக்கூட வடித்து வெறும் நிறத்தண்ணீராக்கிக் கொடுப்பார். அவருடைய மேசை லாச்சிக்குள் அவித்துக் காயவைத்த வெள்ளைத் துணிகள் அடுக்காக இருக்கும். ஒருமுறை அவசரத்துக்கு அதில் ஒன்றை எடுத்துச் சூட்டுச் சட்டியைப் பிடித்துவிட்டேன். ஒரு கிழமையாக மனுசன் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. சோடாவோ வைனோ, புதிதாக எது வந்தாலும் அதில் ஒன்றைத் திறக்காமல் ஒதுக்கி வைப்பார். குடித்தவர்கள் சுகமாக ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வெளியே வரும். யாருக்காவது வயிற்றைப் பிரட்டினால் டொக்டரிடம் காட்டுவதற்குக் கையில் ஒன்று இருக்க வேண்டுமாம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். காரணம் தெரிந்ததால் நான் சிரிப்பதில்லை.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அவரும் மனைவி இலட்சுமி அக்காவும் சின்ன மகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தார்கள். மழைக்கு அங்கிருந்த கிணறு கலங்கிவிட்டது. எல்லோரும் குடித்த தண்ணீரைத்தான் அந்தப் பிள்ளையும் குடித்தது. வயிற்றோட்டம் வந்து, மருந்துக்கு வழியில்லாமல், அங்கேயே போய்விட்டது. துணியில் வடித்துக் கொடுத்திருந்தால் மகள் இருந்திருப்பாள் என்று அண்ணன் இன்றைக்கும் நினைக்கிறார். துணியில் கிருமி நிற்காது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது?

இனி அந்தப் பியரின் கதைக்கு வருகிறேன். கொழும்புப் பக்கம் ஒரு சின்னப் பியர் ஆலையில் தனுஷிகா என்றொரு பிள்ளை வேலை செய்கிறாள். திருகோணமலை டவுன்காரி, படித்தவள். பியர் காய்ச்சுகிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று சொந்தக்காரர் தலையில் அடித்துக்கொள்ள, அவள் தன்பாட்டில் ஒரு புதுப் பியர் செய்திருந்தாள். இந்தியா பேல் ஏல் என்று அதற்குப் பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய பியராம், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதிலும் இவள் செய்தது கலங்கலாகவே இருக்க வேண்டிய வகை. ஓட்ஸும் கோதுமையும் சேர்த்து, ஹொப்ஸ் என்கிற பூவைக் கடைசியில் அள்ளிப்போட்டு, வடிக்காமல் விட்டுவிடுவது.

ஆலை முதலாளிக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒரு ஹோட்டலாவது இந்த சீசனுக்கு எடுத்தால் காய்ச்சலாம், இல்லாவிட்டால் இந்த எண்ணத்தையே விட்டுவிடு என்று சொல்லியிருந்தார். கேட்ட ஹோட்டல்களெல்லாம் கையை விரித்துவிட்டன. மிஞ்சியது நாங்கள் மட்டும்தான். எங்கள் மனேஜர் பிரவீனன் இதையெல்லாம் அண்ணனுக்கும் சொல்லித்தான் வைத்திருந்தார். ஆனால் அது கலங்கலான பியர் என்ற ஒன்றை மட்டும் சொல்ல மறந்துபோனார்.

ருசி பார்க்கக் குறித்திருந்த நாளுக்கு முதல் நாள், ஆறு தகர ரின்னில் பியர் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அண்ணன் ஒன்றைத் திறந்து கிளாசில் ஊற்றினார். பிறகு ஜன்னலால் தலையை நீட்டினார்.

"முனீப், அந்தப் பிள்ளையின்ர சாமான் பஸ்ஸில குலுங்கிப் பழுதாப்போச்சு. சேறு மாதிரிக் கிடக்கு."

மனேஜரிடம் சொல்லித் திருப்பி அனுப்புங்கள் என்றேன்.

"அனுப்பினா அந்தப் பிள்ளையின்ர கதி என்ன? பாவம். நான் சரிப்பண்ணிக் குடுக்கிறன்."

அப்படித்தான் நடந்தது. கள்ளைக்கூட வடித்துக் குடிக்கிற ஊரில் பிறந்த மனுசன், ஒரு ரின்னை வழக்கம்போல ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதையும் ஜக்குகளில் ஊற்றிக் குளிர்பெட்டிக்குள் தெளிய வைத்தார். காலையில் துணியை மடித்துப் போட்டு நிதானமாக வடித்தார். தேன் நிறத்தில், அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற அளவுக்குத் தெளிந்து வந்தது. ஒரு பிள்ளையைக் கரை சேர்த்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

தனுஷிகா வந்து உட்கார்ந்தாள். பிரவீனன் ஏதோ ருசி பார்க்கும் வகுப்புக்குப் போய் வந்தவர். கிளாசைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி ஒரு பெரிய பூசையே நடத்தினார். ஒரு மிடறு குடித்தவர் முகத்தைச் சுளித்தார். நுரையும் இல்லை, வாசமும் இல்லை, பால் போடாமல் ஆறிப்போன பிளேன்ரீயில் வேப்பங்கொழுந்தைப் போட்டதுபோல வெறும் கசப்புத்தான் என்றார். அவளும் ஒரு வாய் குடித்தாள். கிளாசை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸின் சூட்டில் கலங்கல் அடியில் இறங்கிக் கெட்டுப்போயிருக்க வேண்டும், குளிர்பெட்டியில் அனுப்பாதது தன் பிழை என்று மெல்லிய குரலில் சொன்னாள். பிரவீனன் மரியாதையாகத்தான் கதைத்தார், ஆனால் இந்த சீசனுக்கு ஏலாது என்று சொல்லிவிட்டார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

நான் ஜன்னலால் அண்ணனைப் பார்த்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. திறந்தால் வேலையே போகலாம். பாருக்கு இளம் ஆள் வேண்டும் என்று பிரவீனன் கனநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒரு சாட்டுத்தான் தேவைப்பட்டது.

அண்ணன் லாச்சியைத் திறந்து, கழுவாத ஈரத்துணியை எடுத்து வந்து அவர்களுடைய மேசையில் விரித்தார்.

"பிள்ளையில பிழையில்லை, சேர். நான்தான் வடிச்சனான்."

துணி முழுக்க மஞ்சளும் பச்சையுமாக ஒரு கூழ் அப்பியிருந்தது. அது விரிந்ததும் வந்த வாசம் என் ஜன்னல் வரைக்கும் எட்டியது. பழுத்த கொய்யா, தோடம்பழத் தோல், கொஞ்சம் அன்னாசி. என் மீன் குழம்பு வாசத்தையே அது அமுக்கிவிட்டது. தனுஷிகா துணியைக் கையில் எடுத்து மணந்து பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

"ஐயா, பியரின்ர ருசி முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு," என்றாள்.

பிரவீனனுக்குக் கோபம் வந்தது. விருந்தாளிக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டார் என்றும், வயது போனால் வீட்டில் இருக்க வேண்டும் என்றும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் ஒரு ரின் திறக்காமல் இருக்கிறது, அதையும் அண்ணன்தான் ஒதுக்கி வைத்தவர் என்று ஜன்னலால் கத்தினேன்.

அந்த ரின்னை அண்ணனே ஊற்ற வேண்டும் என்று தனுஷிகா கேட்டுக்கொண்டாள். அடியில் தங்கியது கலக்கும்படி முதலில் மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தச் சொன்னாள். ஊற்றினார். மாம்பழச் சாறு நிறத்தில் இறங்கி, மேலே தடிப்பாக வெள்ளை நுரை கட்டியது. அடியில் ஒரு விரல் அளவு மிஞ்சும்போது பழக்கதோஷத்தில் அவர் கை நின்றுவிட்டது.

"முழுக்க ஊத்துங்கோ, ஐயா."

கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றினார்.

இந்தமுறை பிரவீனன் பூசையெல்லாம் செய்யவில்லை. குடித்தார், நிறுத்தினார், திரும்பவும் குடித்தார். நாக்கில் முதலில் பழம் வருகிறது, பிறகு பால்போல மெத்தென்று இறங்குகிறது, கசப்பு கடைசியில் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறது என்றார். நல்ல சாமான்தான், ஆனால் எடுத்து என்ன செய்வது, எங்கள் பார்க்காரர் மனம் ஒப்பாமல் இதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டாரே என்று அண்ணனைப் பார்த்தார். தனுஷிகா மிச்சமிருந்த கிளாசை அண்ணன் பக்கம் நகர்த்தினாள். குடித்துப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நான் கொண்டு போகிறேன் என்றாள். அவள் பிழைப்பு இப்போது அந்த மனுசன் கையில் இருந்தது.

அண்ணன் கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்தார். அதற்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. குடிக்கமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"பிள்ளை, இதைக் குடிச்சா ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யாதே?"

அவருடைய மகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்று பதில் சொன்னாள்.

"ஓம் ஐயா, ஒண்டும் செய்யாது. நான் தண்ணியில இருந்து எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தனான்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அடியில் கிடந்த கலங்கல் வரைக்கும் குடித்துவிட்டு, கிளாசை மேசையில் வைத்து, எடுங்கோ சேர் என்று பிரவீனனிடம் சொன்னார். பிறகு பாருக்குப் பின்னால் போய் நீண்ட நேரம் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார்.

சீசன் தொடங்கி முதல் பெட்டிகள் வந்தன. அண்ணன் எல்லா ரின்னையும் குளிர்பெட்டியில் அடுக்கினார். ஒதுக்கி வைக்கிற தட்டு வெறுமையாகக் கிடந்தது. ஒன்றை வைக்க மறந்துவிட்டீர்களா என்று ஜன்னலால் கேட்டேன்.

"மறக்கேல்ல, முனீப்," என்றார். "அந்தப் பிள்ளை தண்ணியைப் பார்த்தனான் எண்டு சொன்னதெல்லோ."