சோதனை அழைப்பு

எங்கள் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. அழைப்பவர்களிடம் பெயரைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. நாளாக ஆக எங்களுக்குள்ளும் அதுவே பழகிவிட்டது. நான் ரெண்டாம் சீட். எனக்கு வலப்பக்கம் மூணாம் சீட் அக்கா. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறவர்கள் கூப்பிடுவதற்காக அரசாங்கம் நடத்தும் தொலைபேசி உதவி மையம் இது. பழைய ரெக்கார்டு ரூமைக் காலி செய்து நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஏசி பிடுங்கிய ஓட்டையில் அட்டை செருகியிருக்கிறது. மழை பெய்தால் அந்த அட்டையை யாராவது ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேச வேண்டும்.

அக்கா இதற்கு முன்னால் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருந்தாள். "மெஷின் சத்தம் போடுதுன்னு ஆரம்பிப்பாங்கடி. கொஞ்சம் விட்டுப் பிடிச்சா, புருஷன் பேசறதே இல்லைன்னு வந்து நிக்கும்" என்பாள். அங்கேயே கேட்கக் கற்றுக்கொண்டவள். வந்து உட்கார்ந்ததும் வலது காதுத் தோட்டைக் கழற்றிப் பேனா டப்பாவில் போடுவாள், ஹெட்செட் அழுத்தும் என்று. வீட்டில் மாமியாருக்குக் காது மந்தம். பகலெல்லாம் மெதுவாகப் பேசிவிட்டு ராத்திரி போய்க் கத்த வேண்டும். "என் தொண்டைக்கு ரெண்டு ஷிப்டு" என்று சிரிப்பாள்.

அழைப்பு நீண்டால் எங்கள் திரையில் சிவப்பு எரியும். அக்காவின் திரை எந்நேரமும் சிவப்புதான். அவள் அதைச் சட்டை செய்ததே இல்லை. ஆனால் எங்களுக்கு மேலே கண்காணிப்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு அந்தச் சிவப்பு ஆகாது. அட்டை செருகிய ஓட்டையை இதுவரை ஒருவரும் வந்து பார்த்ததில்லை. ஐந்து நாற்காலியில் இரண்டு எப்போதும் காலியாக இருப்பதையும் கேட்டதில்லை. அவர்கள் செய்யும் கண்காணிப்பெல்லாம் ஒன்றே ஒன்று: அவ்வப்போது அவர்கள் ஆளையே விட்டு, சாகப்போகிறவர் மாதிரி எங்களுக்கு போன் செய்யச் சொல்வது. சோதனை அழைப்பு. அச்சடித்துக் கொடுத்த கேள்விகளை அச்சடித்த வரிசையில் கேட்டோமா என்று மார்க் போடுவார்கள்.

அந்த ஆட்களை முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவோம். மூச்சு வாங்காது, மூக்கு உறிஞ்சாது, பின்னால் ஒரு குக்கர் சத்தம்கூட இருக்காது. "நான் மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறேன்" என்று செய்தி வாசிக்கிற மாதிரி ஆரம்பிப்பார்கள். உளைச்சலில் இருக்கிற எவன் அப்படிப் பேசுகிறான்? பரீட்சையில் தோற்றுவிட்டதாக மாதாமாதம் கூப்பிடும் ஒருவருக்கு 'அரியர் மாப்பிள்ளை' என்று பட்டப்பெயரே வைத்திருந்தோம். அவர் வந்தால் கையால் ஜாடை காட்டிக்கொண்டு, அச்சுக் கேள்விகளை மளமளவென்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவோம். பிழைப்பு அப்படி.

ஒரு நாள் காலை அக்கா என்னைப் பார்த்து அந்த ஜாடையைக் காட்டினாள். எதிர்முனையில் ஒரு ஆண் குரல். "நான் சில நாட்களாக வாழ விருப்பமின்றி இருக்கிறேன். எனக்கு உதவி தேவைப்படுகிறது" என்றதாம். அக்கா ஒப்பித்தாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னார். "சரிங்க, ரொம்ப நன்றி" என்று வைத்தார். திரையில் பச்சை. "முடிஞ்சுதுடி" என்று அக்கா தண்ணீர் குடித்தாள்.

சோதனை முடிந்ததும் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து எங்கள் சூப்பர்வைசருக்குத் தகவல் வரும். எது சொன்னாலும் தலையாட்டுகிற மனிதர் என்பதால் அவருக்குத் தலையாட்டி என்று பெயர். சாப்பாட்டு நேரம் வரை தகவல் வரவில்லை. அக்கா டிபன் டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு அவர் அறைக்குப் போனாள். எனக்கும் ஏதோ போல இருந்தது. பின்னாலேயே போனேன்.

"சார், காலையில டெஸ்ட் கால் பண்ணாங்களான்னு கேளுங்க."

தலையாட்டி கேட்டார். போனை வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த வாரம் டெஸ்டே கிடையாதாம்மா. டெஸ்ட் பண்றவங்க எல்லாரும் பயிற்சிக்குப் போயிருக்காங்களாம்."

அக்கா ஆடிப்போய்விட்டாள். பிறகு, "நம்பரைக் கொடுங்க சார்" என்றாள்.

"திரும்பக் கூப்பிடக் கூடாதும்மா. ரூல் இருக்கு."

ரூல் இருக்கிறது. யாரையோ திரும்பக் கூப்பிட்டதில் அவர் வீட்டுக்கு விஷயம் தெரிந்து தகராறாகி, மேலே புகார் போனதாம். பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கூப்பிடவே கூடாது என்று சொல்லிவிட்டால் அவர்கள் தலை தப்பிக்கும். எவன் தலை போனால் என்ன?

"சார், எந்திரிங்க" என்றாள் அக்கா.

அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. அவர் எழுந்துவிட்டார். அக்கா அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் திரையில் நம்பரைத் தேடி, அவர் மேஜை போனிலேயே அடித்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். அதுவும் ஓய்ந்தது. தலையாட்டி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது தடவை அந்த மனிதர் எடுத்தார்.

"நான்தாங்க, காலையில பேசினவ. உங்ககிட்ட சரியாவே பேசலைங்க நான். மன்னிச்சிடுங்க. இப்ப சொல்லுங்க, நான் எங்கேயும் போகலை."

அந்த மனிதர் அழ ஆரம்பித்தார். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். போனில் அழுது மானம் போய்விடக் கூடாது என்று, சொல்ல வேண்டியதை ரெண்டு நாளாக மனப்பாடம் செய்துகொண்டு பேசியிருக்கிறார். அவ்வளவுதான் விஷயம். அழாமல் பேசியதற்காக அவரை நாங்கள் சோதனை ஆள் என்று நினைத்துவிட்டோம்.

அவர் என்ன சொன்னார் என்பது அவருடைய விஷயம், நான் சொல்லப்போவதில்லை. வெகுநேரம் பேசினார்கள். அவருடைய அண்ணனை வரவழைத்து, அவர் வந்து சேர்ந்த பிறகுதான் அக்கா போனை வைத்தாள். பூட்டுக்கடைக்காரர் டாக்டரைப் பார்க்க ஒத்துக்கொண்டார். வைக்கும் முன் அக்கா சொன்னாள்: "வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடுங்க. மூணாம் சீட்டுன்னு கேளுங்க. நான் இருப்பேன்."

புதன்கிழமை விசாரணை. சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கண்காணிப்பு அலுவலகத்தில் ஏசி ஜம்மென்று ஓடியது. அதிகாரி அம்மா கோபப்படவில்லை, சிரித்த முகம். முதலில், அக்கா ஒப்பித்த அந்த முதல் அழைப்பின் பதிவைப் போட்டுக் காட்டினார்.

"எல்லாக் கேள்வியும் வரிசையா கேட்டிருக்கீங்க. நேரமும் கரெக்ட். நூத்துக்கு நூறு. புதுசா வர்றவங்களுக்கு இதைத்தான் போட்டுக் காட்டப்போறோம். இவ்வளவு நல்லா பேசிட்டு, அப்புறம் ஏம்மா ரூலை மீறினீங்க?"

அக்கா அவரையே பார்த்தாள். "மேடம், அந்த ரெக்கார்டிங்கை நல்லாக் கேட்டீங்களா?"

"கேட்டேனே."

"அதுல ஒருத்தர் காப்பாத்துங்கன்னு கெஞ்சறாரு. நான் அவரைக் கை கழுவி விடறேன். இதையா போட்டுக் காட்டப்போறீங்க?"

அதிகாரி அம்மா தலையாட்டியைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "ஆள் உயிரோட இருக்காரு மேடம், ரெண்டாவது தடவை பேசினதாலதான்" என்று நான் கத்தினேன். உங்களைக் கேட்கவில்லை என்றார்கள். கேட்காமல் பின்னே எதற்குக் கூப்பிட்டார்களாம்? அக்காவின் நுழைவு அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். மறு உத்தரவு வரும் வரை வேலைக்கு வர வேண்டாம்.

படி இறங்கும்போது அக்கா சொன்னது ஒன்றுதான். "நாளைக்கு அவரு கூப்பிடுவாருடி. இருப்பேன்னு சொல்லியிருக்கேன்."

"நான் பேசறேன்க்கா."

"நீ நல்லாத்தான் பேசுவே. ஆனா அவரு என்னை நம்பித்தானே கூப்பிடுவாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அழைப்பு எனக்குத்தான் வந்தது. "மூணாம் சீட் அம்மா இருக்காங்களா?" என்றார். பக்கத்தில் காலி நாற்காலி. வேலையில் இல்லாதவர்களைக் கேட்டால் சொல்வதற்கும் எங்களுக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறார்கள். 'அவர் தற்போது பணியில் இல்லை, நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?' அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களைக் கூப்பிட்டதற்காக அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

நான் தயங்கியதைக் கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "இல்லையா? பரவாயில்லைங்க. வச்சிடறேன்."

இந்த வேலையில் எங்களை நடுங்க வைக்கும் சொல் அந்தப் பரவாயில்லைதான்.

"வைக்காதீங்க! இருக்காங்க. ஒரு நிமிஷம், இதோ" என்றேன். என் சொந்த மொபைலை எடுத்து அக்காவுக்கு அடித்தேன். அழைப்பை வெளியே கொடுத்தால் வேலை போகும் என்று தெரியும். முதல் மணியிலேயே எடுத்தாள். கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஸ்பீக்கரைப் போட்டேன். ஹெட்செட்டின் சத்தத்தை முழுசாக ஏற்றிக் கழற்றி, அதன் மைக்கும் காதுப் பகுதியும் மொபைலை ஒட்டும்படி மேஜையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அவரு லைன்ல இருக்காரு. பேசு."

"வந்துட்டேங்க" என்றாள் அக்கா. "இன்னைக்கு எப்படி இருக்கீங்க?"

தலையாட்டி ஓடி வந்தார். "என்னம்மா பண்றே? மேல கேட்டுக்கிட்டிருப்பாங்க, கட் பண்ணு" என்று மொபைலை எடுக்கக் கையை நீட்டினார். இன்னொரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"கேட்கட்டும் சார். இதைத் தொட்டீங்கன்னா உங்க கையை உடைச்சிடுவேன்."

இந்த ஒரு தடவை அவர் தலையாட்டவில்லை. என்னைப் பார்த்தார், மொபைலைப் பார்த்தார். அதற்குள் அந்த மனிதர் பேச ஆரம்பித்திருந்தார். ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா 'ம்' சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டியின் கையை விடவில்லை.