களிம்பேறிய தோட்டாக்களும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருப்பதாக அண்ணியார் நினைப்பது எனக்குத் தெரியும். ஆயினும் அவருக்குத் தம்பி நான் ஒருவன்தான்.

அண்ணன் திமிரியில் பிறந்தார். நானும் அங்கேதான் பிறந்தேன். அதை யாரும் கேட்பதில்லை. பஞ்சத்தில் நிலம் போனதும் தந்தையார் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அவரோடு, தோல் ஊறும் ஆவாரம்பட்டைத் தொட்டியில் இறங்கியவன் நான். அண்ணன் பட்டாளத்துக்குப் போனார். யுத்தம் முடிந்து திரும்பி, வேலூரில் ரிசர்வ் போலீசின் துப்பாக்கிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டார்.

அங்கே பழைய மார்ட்டினித் துப்பாக்கிகளும் புதிய த்ரீ நாட் த்ரீக்களும் இருந்தன. எந்தத் தோட்டா எதற்கு என்று கண்ணை மூடித் தொட்டே அண்ணன் சொல்லிவிடுவாராம். தந்தையார் வேலூர் வரும்போதெல்லாம் இதை லாங் பஜார் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மார்ட்டினித் தோட்டா தடியன், மற்றது ஒல்லி. யார்தான் சொல்ல மாட்டார்கள்? தோலைத் தடவியே வெள்ளாடா செம்மறியா என்று நானும் சொல்வேன். அதைச் சொல்லித் திரிய ஆளில்லை.

சொந்தப் பட்டறை வைப்பது என் நெடுநாள் ஆசை. கிடங்குக்குத் தோட்டா செருகும் தோல் வார்கள் தேவை என்று கேள்விப்பட்டு, எருமைத் தோலில் எண்ணெய் நன்றாக ஊறவிட்டு, மாதிரிக்கு ஒன்று தைத்துக் கொடுத்தேன். கிடங்கு அதிகாரிக்குப் பிடித்துப்போயிற்று. அண்ணனுக்கோ பெருமை தாளவில்லை. தோட்டாக்களைப் பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. அவர் த்ரீ நாட் த்ரீ தோட்டாக்களை அந்த வாரில் செருகி, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று சுவரில் மாட்டினார். மழைக்காலம் முழுவதும் எடுக்கவே இல்லை. தோலின் எண்ணெயும் பட்டைச் சாறும் பட்டுப் பித்தளை பச்சையாகக் களிம்பேறிவிட்டது. சுடும் பயிற்சியன்று ஒரு கான்ஸ்டபிள் அவசரத்தில் அவற்றை எடுத்துச் சுட்டார். சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு துப்பாக்கிக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

அதிகாரி எங்கள் இருவரையும் நிற்க வைத்துக் கத்தினார். என் பட்டறை போயிற்று என்றே நினைத்தேன். அண்ணன் முன்னால் வந்தார்.

"தோல்ல குத்தமில்லீங்க ஐயா. தம்பி தெச்சதுன்னு ஆசப்பட்டு நான்தான் மாட்டி வெச்சேன்."

அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோயிற்று. எனக்கு ஆர்டர் வந்தது, பட்டறையும் வைத்தேன்.

ஊர் என்ன சொல்லியது? "இப்டி ஒரு அண்ணன் யாருக்குக் கெடைப்பான்!" பட்டறை திறந்த அன்று பூமாலைகூட அவர் கழுத்தில்தான் விழுந்தது. "இன்னாடா, மூஞ்சி தொங்குது?" என்று அதைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். அதற்கும் கைதட்டல் அவருக்கே.

நெஞ்சுச் சளியில் அவர் படுத்திருந்த நாட்களில் கண்விழித்துப் பார்த்த அண்ணியாருக்கும், ஆஸ்பத்திரி நர்சம்மாளுக்கும், ஆம்பூரிலிருந்து வண்டி அனுப்பிய ஷாப் முதலாளி சாயபு அவர்களுக்கும், தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இறுதி ஊர்வலத்தில் தெரு கொள்ளாத கூட்டம். எனக்கு இதில் பாதிகூட வராது என்று அப்போதும் வயிறு எரிந்தது. யாரும் வராவிட்டாலும் எனக்காக முதல் ஆளாக வந்து நிற்கக்கூடியவர் அண்ணன் ஒருவர்தான். அவரோ இதிலும் முந்திக்கொண்டார்.