ஏகப்பன் பார்க்கும் வண்டிவீடு

ஏகப்பன் வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டிலை அமுக்கிப் பார்க்கவில்லை, அடுப்பைத் திருகிப் பார்க்கவில்லை, நேரே கழிப்பறை. முழங்கை தகரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. "வேணாம்ப்பா, உக்காந்தா எந்திரிக்க முடியல" என்று வெளியே வந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வண்டிவீடு வாங்க அலைகிற மனிதர். எதைக் காட்டினாலும் இப்படித்தான்.

காரைக்குடியில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். சட்டைப்பையில் எப்போதும் அளவு டேப். ஓட்டலில் காபி வருவதற்குள் மேசையை அளந்துவிடுவார். சிநேகிதன் என்று அவரோடு எங்கே போனாலும் என் மானம் போகும்.

இத்தனையும் மனைவி நாச்சியாருக்காக. கூடாரம் போட்டு மலையிலும் கடற்கரையிலும் தங்குவதென்றால் இருவருக்கும் பைத்தியம். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனபிறகு, வழியில் கிடைக்கும் கழிப்பறைகளுக்குப் பயந்து நாச்சியார் வீட்டோடு நின்றுவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் இருந்துக்கிறேன்" என்பார். ஏகப்பன் போகவே இல்லை. "ஒத்தையில போயி மலைய வெறிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா?" என்று என்னிடம் பாய்வார்.

முதல் தடவை கோட்டைவிட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் வண்டி வாங்கப்போவதாக வாயை விட்டார். எங்கள் பக்கம் பயணம் என்று காதில் விழுந்தால் போதும், பங்காளி, மாப்பிள்ளை, சம்பந்தி என்று ஆளாளுக்கு இடம் பிடித்துவிடுவார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல், சாக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ஊரே ஏறுகிற மாதிரி ஒரு வண்டியைப் பேசினார். மாட்டி இழுத்துப் பார்த்ததில் கிளட்ச் கருகிய நாற்றம்தான் வந்தது, வண்டி நகரவில்லை.

காரில் இருந்தபடியே நாச்சியார் கேட்டார்: "அம்புட்டுப் பேரும் வாசல்ல நிக்கையில நான் எப்படிங்க உள்ள போயிட்டு வாரது?"

ஏகப்பனுக்கு முகம் செத்துவிட்டது. அன்றே ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டார். "சங்கடப்படாதீக. நாங்க ரெண்டு பேருதான் போறோம்." சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அடடா, கைதட்டலாம் போலிருந்தது எனக்கு.

இன்று அதே பட்டறை. முழங்கை இடித்ததை ஒதுக்கிவிட்டு, பட்டறைக்காரர் காளிராஜ் கடைசியில் நின்ற சின்ன வண்டியைக் காட்டினார். "இங்குட்டு வாங்கண்ணே. ரெண்டு பேருக்குத்தான். உங்க காரு இழுத்துரும். கட்டிலக் கொறச்சுட்டு பாத்ரூம அகலமாப் போட்டுருக்கேன்."

ஏகப்பன் உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. சுவரில் பதித்த கைப்பிடியில் தொங்கிப் பார்த்தாராம். படிகளும் தணிவாக இருந்தன. வெளியே வந்தவர் நேராகப் போய்க் கார்க் கதவைத் திறந்தார்.

"ஒருக்கா வந்து பாரேன்."

இதுவரை எந்த வண்டிக்காகவும் நாச்சியார் காரைவிட்டு இறங்கியதில்லை. மெல்ல நடந்து வந்தார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரும்புத் தூளும் கிரீஸுமாகக் கிடந்த அந்தத் தரையிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, உள்ளே ஏறினார்.