அக்காவின் கேள்வி கடல் தாண்டிப் போனது

என் அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையற்காரர். ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம், கிழக்கே தீவுகளாலான ஒரு நாட்டின் துறைமுகத்தில் அவருடைய கப்பல் குண்டடிபட்டு மூழ்கியது. அங்கே உள்நாட்டுச் சண்டை. அது யார் போட்ட குண்டு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. சண்டைக் காலத்தில் நடந்ததை வைத்து ஒரு தேசத்தை எடை போடக் கூடாது என்று மாமாவே பிறகு சொல்லியிருக்கிறார்.

நீந்திக் கரையேறிய கப்பல் ஆட்களை ராணுவம் பிடித்து அடைத்துவிட்டது. எதிராளிக்கு ஆயுதம் கொண்டுவந்தவர்கள் என்று சந்தேகம். நம் தூதரகம் தலையிட்டு ஒவ்வொருவராக மீட்டது. பம்பாய்க்காரர்கள் வந்து சேர்ந்தார்கள், மலையாளத்துக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். எங்கள் மாமா மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை, விடுதலையான ஒரு கூட்டாளி தன் ஊருக்குப் போகும் வழியில் சித்தூரில் இறங்கி, எங்கள் வீடு தேடி வந்து சொன்னார்.

மாமாவின் காகிதங்கள் எல்லாம் கப்பலோடு போய்விட்டன. எந்த ஊர் என்று தூதரக அதிகாரி கேட்டதற்கு, “மெட்ராஸ் ராஜதானி, சித்தூர் ஜில்லா” என்றிருக்கிறார். அவர் முதன்முதலில் கப்பலேறியபோது அது உண்மை. வருடக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் வேறு எதைச் சொல்லும்? அதிகாரி தேசப்படத்தை விரித்துப் பார்த்தார். சித்தூர் ஆந்திரத்தில் இருந்தது. ஆந்திரக்காரன் என்றால் தெலுங்கில் கையெழுத்துப் போடு என்றார். மாமாவுக்குத் தெலுங்கு சரளமாகப் பேச வரும், எழுத வராது. சரி, தமிழில் பேசு என்றார். அந்த அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் எல்லைப் பக்கத்துத் தமிழ் அவர் காதில் தமிழாகவே விழவில்லை. “அப்பாவை நைனா என்கிறான், சோற்றைத் துன்னேன் என்கிறான். இவன் எந்த நாட்டு ஆளோ!” என்று தனியாக நிறுத்திவிட்டார். கூட்டாளிகள் எத்தனை சொல்லியும் எடுபடவில்லை. இவர் இந்தியர்தான் என்று ஊரிலிருந்து அத்தாட்சி வரட்டும், அதன் பிறகு கேட்கலாம் என்று முடிவாகிவிட்டது.

அத்தாட்சி யார் தருவது? மாமா பிறந்தது பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். ஒரு தலைநகரத்துக்கு மனுப் போட்டோம். நீங்கள் இப்போது எங்கள் மாநிலம் இல்லை என்று பதில் வந்தது. இன்னொரு தலைநகரத்துக்குப் போட்டோம். அந்தப் பகுதி எல்லைப் பேச்சில் இருக்கிறது, முடிவானதும் கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. எல்லை எப்போது முடிவாகும் என்று யாருக்கும் தெரியாது.

அப்போது நான் சித்தூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கைகொடுத்தது. அம்மா இல்லை. கம்பவுண்டர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற நைனா, நான், அக்கா மூவரும்தான் வீட்டில். மாமா கடலில் இருக்கும் மாதங்களில் அக்கா எங்களோடுதான் இருப்பாள். அழுகிற ஆள் இல்லை அவள். கோபப்படுகிற ஆள். அந்த இரண்டாவது பதில் வந்த அன்று, “இவங்க கோடு கிழிச்சி முடிக்கிற வரைக்கும் என் ஊட்டுக்காரரு செறையில கெடக்கணுமா?” என்று கேட்டுவிட்டு, பிழிந்த துணியை அவள் உதறிய உதறலில் எங்கள் இருவர் முகத்திலும் தண்ணீர் தெறித்தது.

வெளிநாட்டு விவகாரங்களைக் கவனிக்கும் துணை மந்திரி ஒருவர் டில்லியிலிருந்து திருமலைக்குத் தரிசனத்துக்கு வருகிறார் என்ற செய்தியை என் வக்கீல்தான் சொன்னார். மலையிலிருந்து இறங்கி திருப்பதி பங்களாவில் தங்குவாராம். வீட்டில் சொன்னதும் நைனா தயங்கினார்.

“நாம சர்ச்சுக்குப் போறவங்க. அங்க போயி கூட்டத்துல நின்னா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?”

“நான் சாமி கும்பிடப் போவல நைனா. மந்திரியப் பாக்கப் போறேன்” என்றாள் அக்கா. “அவரு சாமி கும்பிட வந்தா அது அவரு பாடு.”

நைனா எழுந்து வந்தார். எங்கள் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்து அனுப்பினார்.

காலை பஸ்ஸில் திருப்பதி போய்ச் சேர்ந்தோம். பங்களா வாசலில் மாலைகளோடு ஒரு கூட்டம். காவல்காரர் தெலுங்குக்காரர். அக்கா அவரிடம் தெலுங்கிலேயே பேச்சுக் கொடுத்தாள். மந்திரி இன்னும் மலைமேல்தான் இருக்கிறார், பேட்டிக்குப் பெயர் கொடுக்காதவர்களை உள்ளே விட முடியாது என்று அவர் பணிவாகச் சொன்னார். நாங்கள் வேலியோரம் வேப்ப மர நிழலில் போய் நின்றோம்.

பத்திரிகையில் பார்த்த படத்தை வைத்து நான் மந்திரியைத் தேடிக்கொண்டிருந்தேன். அடர்த்தியான சுருட்டை முடி, கோட்டு. கார் ஒன்று வந்து நின்றதும் கூட்டம் முன்பக்கம் ஓடியது. அதிலிருந்து இறங்கியவர்கள் அதிகாரிகள். பின்னாலேயே இன்னொரு கார் வந்து எங்கள் பக்கமாக நின்றது. அதிலிருந்து ஒரு மொட்டைத் தலைக்காரர் இறங்கினார். தலை முழுக்கச் சந்தனம், வேட்டி, வெறுங்கால். வேண்டுதலை முடித்துவிட்டு வரும் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா நேராக அவரிடம் போனாள். “ஐயா, மேலருந்து வர்றீங்களே, மந்திரி எறங்கிட்டாரா?”

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மந்திரி என்ற சொல் புரிந்துவிட்டது. தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, “மந்திரி நான்தான். முடியைத்தான் மேலே விட்டுவிட்டு வந்தேன்” என்று இங்கிலீஷில் சொன்னார்.

“இவருதான் மந்திரி” என்று அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவளோ அசரவில்லை. “அவருதானா? அப்ப நல்லதாப் போச்சி. சொல்லுடி விஷயத்த” என்றாள்.

வாசலில் நின்றே சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே நடந்தார், நாங்களும் கூடவே நடந்தோம். காவல்காரர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனதும் மந்திரி எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவருடைய காரியதரிசி, கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர், குறித்துக்கொண்டார்.

நான் சொல்லி முடித்ததும் மந்திரி தன் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: “அம்மா, அந்த நாட்டில் சண்டை போடும் இரண்டு தரப்பும் நம்மைத் தங்கள் பக்கம் சேரச் சொல்கிறார்கள். நாம் ஒரு பக்கமும் சேரவில்லை. அதனால்தான் இன்றைக்கும் இரண்டு தரப்பும் நம் தூதரோடு பேசுகின்றன. சிறையிலிருக்கும் நம் ஆட்களை நாம் கேட்டால் கொடுக்கிறார்கள். ஆனால் நம் ஆள் என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் நாம் கேட்க முடியும். ஒரு தடவை தவறான ஆளைக் கேட்டுவிட்டால் அடுத்த தடவை நம் பேச்சு எடுபடாது.”

இதைத் தமிழில் அக்காவுக்குச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு, “எங்க ஊரையும்தான் ரெண்டு பக்கமும் இழுத்துக்கினு கெடக்கறாங்க. எங்ககிட்ட யாரும் பேச மாட்டறாங்களே, அத கேளு” என்றாள்.

அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். மந்திரி வாய்விட்டுச் சிரித்தார். காரியதரிசி மட்டும் சிரிக்கவில்லை. மாநிலத்தின் அத்தாட்சி இல்லாமல் என்ன செய்வது, இவர் இன்னார் என்பதற்கு வேறு என்ன ருஜு இருக்கிறது என்று கேட்டார்.

ருஜு என்ற சொல்லை நான் சொன்னதும் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ருஜுவா? நான் பொண்டாட்டி உயிரோட உக்காந்துக்கினு இருக்கிறேன், வேற இன்னா ருஜு? அவரயே கேக்கச் சொல்லு. கல்யாணம் ஆயி மொத மொதல்ல எங்களுக்குள்ள எதுக்கு சண்ட வந்துச்சின்னு கேக்கச் சொல்லு. வேற எவனா இருந்தா சொல்ல முடியுமா?”

மந்திரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். “எதற்கு வந்தது?”

அக்கா முதல்முறையாக வெட்கப்பட்டாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு என் காதில் சொன்னாள். நான் அதை இங்கிலீஷில் சொல்லத் திண்டாடினேன். கேவுருக் களிக்கு இங்கிலீஷில் என்ன? ராகி புட்டிங் என்றேன். கல்யாணமான புதிதில் இவள் களி கிண்டிப் போட்டாள், அவர் அதைக் குறை சொன்னார், என்ன சொன்னார் என்பது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும் என்றேன். காரியதரிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு “புட்டிங்” என்று எழுதிக்கொண்டார்.

“சிறையிலிருப்பவர் இந்தப் பெண்ணின் கணவர்தான் என்று நிரூபணமானால் அவரை அறிந்த ஓர் ஊர் இங்கே இருக்கிறது என்று அர்த்தம்” என்றார் மந்திரி காரியதரிசியிடம். “அந்த ஊர் எந்த மாநிலம் என்பதை எல்லைக்காரர்கள் மெதுவாகத் தீர்மானிக்கட்டும். இரண்டில் எதுவானாலும் இந்தியாவுக்குள்தானே இருக்கிறது? கேள்வியைத் தூதரகத்துக்குத் தந்தியில் அனுப்புங்கள். பதிலை இப்போது அனுப்ப வேண்டாம்.”

கிளம்பும்போது எங்களுக்கு லட்டு கொடுத்தார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் பகலில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தபோது கலெக்டர் ஆபீசிலிருந்து சேவகர் வந்தார். டில்லியிலிருந்து ட்ரங்க் கால், இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிடுவார்கள், அக்காவோடு உடனே வரச் சொன்னார்கள் என்றார். ஓடினேன். அக்கா அரைத்துக்கொண்டிருந்த மிளகாய் கையோடு வந்தாள். நைனா செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

டெலிபோனை என் கையில் கொடுத்தார்கள். மறுமுனையில் அந்தக் காரியதரிசி. இரைச்சலுக்கு நடுவே, சிறைக்கே போய்க் கேட்ட தூதரக அதிகாரி அனுப்பிய பதிலை நிதானமாக வாசித்தார். நான் வரி வரியாகத் தமிழில் உரக்கச் சொன்னேன்.

“முதல் சண்டை ராகியால் ஆன ஒரு உணவைப் பற்றியது. அதைக் கயிற்றில் கட்டி இறக்கினால் நங்கூரம் வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னதாகக் கூறுகிறார்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அப்படிச் சொன்னது தன் தப்புதான் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் களி கெட்டியாகத்தான் இருந்தது என்பதில் உறுதியாக இருக்கிறார்.”

“பாரு! செறையில உக்காந்துக்கினும் கெட்டின்னுதான் சொல்றாரு பாரு!” என்று அக்கா கத்தினாள். கத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். மிளகாய்க் கை. எரிச்சல் தாங்காமல் துள்ளினாள். தெலுங்கு குமாஸ்தாக்களில் ஒருவர் தண்ணீர் செம்போடு ஓடிவந்தார். அழுகையும் சிரிப்பும் எரிச்சலுமாக அவள் முகம் கழுவ, ஆபீஸ் முழுவதும் எழுந்து நின்று சிரித்தது. விவரம் அறிந்த தலைமைக் குமாஸ்தா சிரஸ்தார், “பதில் சரியா அம்மா?” என்று கேட்டார். “ரைட்டு சார், ரைட்டு!” என்றார் நைனா, அக்காவுக்கு முந்திக்கொண்டு. அன்றுவரை அந்தச் சண்டையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

காரியதரிசி இன்னும் போனில்தான் இருந்தார். “உங்கள் சகோதரியிடம் சொல்லுங்கள், ராகி என்ற சொல்லே எங்களுக்குப் போதுமாக இருந்தது, நேற்றே அந்த அரசாங்கத்தோடு பேசியாயிற்று. விடுவிக்கிறார்கள்” என்றார். பிறகு, அவர் குரலில் அதுவரை கேட்டிராத ஒரு குழைவோடு, “என் வீட்டிலும் சப்பாத்தியால் இப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது” என்றார்.

மாமா சென்னையில் கப்பலிறங்கி ரயிலில் சித்தூர் வந்தார். எங்கள் சபையார் பாதிப் பேர் ஸ்டேஷனில். பாலசமுத்திரத்திலிருந்து அவருடைய சொந்தக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெட்டி இல்லை, படுக்கை இல்லை. தூதரகத்தில் கொடுத்த புதுச் சட்டையும் செருப்புமாக இறங்கினார். பாதி உடம்பாக இளைத்திருந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஏதாச்சும் துன்னீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அதற்குள் கூட்டம் அவரைத் தூக்கிவிட்டது.

வீட்டில் எல்லோரும் சுற்றி உட்கார, அந்த விசாரணையை மாமா சொன்னார். அந்தத் தஞ்சாவூர் அதிகாரி கேள்வியைப் படித்ததும் முகம் சிவந்துபோனாராம். பதிலைக் கேட்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாராம். காவலுக்கு நின்ற சிப்பாய் விஷயத்தை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, மறுநாள் தன் வீட்டிலிருந்து சோறும் மீனும் கொண்டுவந்து கொடுத்தானாம்.

இரண்டு வருடம் கழித்து எல்லை ஒருவழியாக முடிவானது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது. நாங்களும் மாமாவின் கிராமமும் ஆந்திரத்திலேயே இருந்தோம். அதற்குள் எனக்கு வேறு வேலை சேர்ந்துவிட்டது. நகரி, புத்தூர், சத்தியவேடு என்று சுற்றுவட்டாரத்திலிருந்து, பர்மாவிலும் மலேயாவிலும் ஆட்கள் சிக்கிக்கொண்ட குடும்பங்கள் எங்கள் வீட்டைத் தேடி வரத் தொடங்கின. டில்லிக்கு எப்படி எழுதுவது, தூதரகத்தில் யாரிடம் கேட்பது என்று எனக்குப் பழகிவிட்டது. ஒன்றிரண்டு தவிர எல்லாமே கைகூடின.

முதலில் வந்தவர் சத்தியவேடு பக்கத்து விவசாயி. மகன் ரங்கூனில். வாசலில் நின்றுகொண்டே, “மந்திரிகிட்ட பேசினது நீதானாம்மா?” என்று கேட்டார்.

“பேசினது எங்க அக்கா. நான் இங்கிலீஷ்ல சொன்னேன், அவ்ளோதான்” என்றேன்.

“அப்ப ரெண்டு பேருமே வேணும்” என்றார் அவர். நான் உள்ளே திரும்பி அக்காவைக் கூப்பிட்டேன்.