பேராசிரியரின் இரும்பு அலமாரி

கார்த்தூமில் நதியோரம் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் ஸித்தனா தட்டச்சுக்காரியாகத்தான் சேர்ந்தாள். அங்கே வேலை பார்த்த பேராசிரியர் அப்துல் பாக்கி இறந்ததும் அவர் வீட்டிலிருந்து லாரியில் காகிதம் வந்து இறங்கியது. அதைப் பிரித்து அடுக்க வேறு யாரும் முன்வராததால் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. பஞ்ச காலத்தில் சந்தையில் சோளம் இருந்தும் ஜனங்கள் ஏன் பட்டினி கிடந்தார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவர் அவர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் அவருக்குப் பெயர் இருந்தது. பாட உரைகள், சந்தை விலைக் குறிப்புகள், மாணவர்களோடு எழுதிக்கொண்ட கடிதங்கள், அச்சுக்குப் போகாத அத்தியாயங்கள் என்று குவிந்து கிடந்ததை அவள் துருப்பிடித்த குண்டூசி நீக்கி, தூசி தட்டி, உறையிலிட்டு, உறை மேல் தன் கையால் எழுதிவைத்தாள். முக்கியமானவை தீப்பிடிக்காத ஓர் இரும்பு அலமாரிக்குள் போயின. அதன் சாவி அவளிடம் இருந்தது.

அவள் கணவன் தாஜுஸ்ஸிர் பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு இதைச் சொல்லிக் காட்டாவிட்டால் கிஸ்ரா ரொட்டி தொண்டையில் இறங்காது.

"உயிரோட இருக்கற புருஷனுக்கு ஒரு சட்டை மடிக்க நேரமில்ல. செத்துப்போனவரு காகிதத்த மடிச்சு மடிச்சு வெக்கிறே."

"நீங்களும் நாலு எழுத்து எழுதி வெச்சிட்டுப் போங்க. மடிச்சு வெக்கிறேன்."

நோன்பு மாதத்தின் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை நகரத்துக்குள் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை தொடங்கியது. மூன்று நாளில் ஓய்ந்துவிடும் என்றார்கள். ஓயவில்லை. தெரு வீடு வீடாகக் காலியானது. ஸித்தனாவும் கிழக்கே கஸ்ஸலா ஊரில் இருந்த தங்கையிடம் போக மூட்டை கட்டினாள். அந்த வாரம் பார்த்து, மாடித் தொட்டியில் தண்ணீர் பார்க்கப் போன தாஜுஸ்ஸிர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். மருத்துவமனை மூடிக் கிடந்தது. அவனைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் மூட்டையை அவிழ்த்தாள்.

நிலையம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. துப்பாக்கிக்காரர்கள் அங்கே புகுந்துவிட்டதை அவள் மாடியிலிருந்து பார்த்தாள். பின் வராந்தாவில் தினமும் மெல்லிய வெள்ளைப் புகை எழுந்தது. மரம் எரிகிற புகை அப்படி இருக்காது. அது என்ன புகையென்று அவளுக்குத் தெரிந்தது. கணவனிடம் சொல்லவில்லை. சாவியைப் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துக்கொண்டாள். கிணற்றில் போட்டுவிடலாமா என்று தோன்றும். கேட்டு வந்தால் இல்லையென்று சொல்லி நம்பவைக்க முடியுமா என்றும் தோன்றும். போடவில்லை.

கேட்டு வந்தார்கள். பகல் தொழுகை முடிந்த நேரம் கதவு தட்டப்பட்டது. நிலையத்துக் காவலாளி கூவா நின்றான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. பின்னால் இரண்டு பேர், துப்பாக்கியோடு.

"மன்னிச்சிரு அக்கா. சாவி யார்கிட்டன்னு ஒரு நாள் பூரா சொல்லாம இருந்தேன்."

உள்ளேயிருந்து தாஜுஸ்ஸிர், "யாரு வந்திருக்காங்க?" என்றான்.

"ஆபீஸ்லேருந்து. இதோ வந்துர்றேன்," என்றாள். தெருவில் இறங்கினாள். உடம்பைச் சுற்றிய டோப் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

படிப்பறையில் மெத்தைகள் கிடந்தன. வராந்தாவில் மூன்று செங்கல் வைத்துத் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பின் வாயில் பாதி எரிந்த உறை ஒன்றில் அவளுடைய கையெழுத்து தெரிந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்களுக்குத் தலைவனாக இருந்தவன் பெயர் பிஷாரா. மீசை சரியாக முளைக்காத வயசு. மரியாதையாகத்தான் பேசினான்.

"உக்காருங்கம்மா. இங்க பெரிய பொருளாதார மேதை ஒருத்தர் இருந்தாராமே. உலகம் பூரா பேராமே. அவ்வளவு பெரிய ஆளு பணத்த எங்க வெச்சிருப்பாரு?"

"அவர் பணத்தப் பத்தி எழுதினவர், தம்பி. வெச்சிருந்தவர் இல்ல."

"ஆயுசு பூரா பணத்தப் பத்தி எழுதினவன் கையில பணமில்லன்னா, அவன் எழுதினது எப்படி சரியா இருக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிஷாரா சிரிக்கவில்லை. அலமாரியைக் காட்டினான். பூட்டைச் சுற்றிக் குண்டுபட்ட பள்ளங்கள் இருந்தன. "இவ்வளவு சுட்டும் திறக்கல. வெறும் காகிதத்துக்கு எவனாவது இப்படியொரு பெட்டி வாங்குவானா?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மடிப்பைப் பல்லால் கடித்துப் பிரித்துச் சாவியை எடுத்தாள். துளை நசுங்கியிருந்தது. சாவி நுழையவில்லை. பிடரியில் சில்லென்று இரும்பு பட்டது. கணவனுக்குத் தண்ணீர்ச் சொம்பைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தோமா என்பது ஒன்றுதான் அப்போது அவள் நினைவில் ஓடியது. எச்சிலைத் தொட்டுச் சாவியில் தடவி மறுபடி அழுத்தினாள். கதவு முனகித் திறந்தது.

காகிதம். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை காகிதம்.

அள்ளித் தரையில் கொட்டினார்கள். பஞ்சத்தில் பிழைத்தவர்கள் சொல்லச் சொல்லப் பேராசிரியர் எழுதியது எல்லாம் பூட்ஸ் காலடியில் சரிந்தது. பிஷாரா ஒரு கட்டைக் காலால் புரட்டிப் பார்த்தான்.

"நீ எடுத்துட்டே," என்றான். 'அம்மா' என்று கூப்பிட்டது போய்விட்டது. "வீட்டுல படுத்துக் கிடக்கிறது உன் புருஷன்தானே? அவனக் கேட்டா சொல்லுவான்."

"ஐயோ தம்பி, அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது."

இருவர் வாசலுக்கு நடந்தார்கள். அந்த நேரம் கீழ்த் தட்டைத் துழாவியவன், "அண்ணே," என்று கூப்பிட்டான். அவன் கையில் நீல வெல்வெட் பெட்டி. உள்ளே உள்ளங்கையளவு பதக்கம் பளபளத்தது. வாசலுக்குப் போனவர்கள் திரும்பினார்கள். ஒருவன் கடித்துப் பார்த்தான். "எத்தனை பவுன் தேறும்?"

பேராசிரியருக்கு வெளிநாட்டில் கிடைத்த பரிசு அது. வெறும் வெண்கலம். மேலே தங்க முலாம். அப்படித்தான் பெட்டியின் அடியில் ஸித்தனா பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தாள். பெட்டி இப்போது பிஷாராவின் கையில் இருந்தது. புரட்டினால் போதும்.

"தங்கமா?" என்று அவளைக் கேட்டான்.

இல்லையென்றால் இப்போதே சாவு. ஆமென்றால், நகைக்கடையில் உரசிப் பார்க்கிற வரைக்கும்தான் உயிர்.

"ஒரு ராஜா கையால குடுத்தது, தம்பி," என்றாள். "ராஜா பித்தளை குடுப்பாரா?"

அவன் அவளையே பார்த்தான். பெட்டியை டப்பென்று மூடிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"போ."

போயிருக்கலாம். கால் வாசல் பக்கம்தான் திரும்பியது. ஆனால் வாய் தன்பாட்டுக்குக் கேட்டது: "அடுப்புக்கு விறகில்ல தம்பி. இதுல கொஞ்சம் எடுத்துக்கவா?"

"எடு, எடு. இங்க மலையா கிடக்கு."

பொறுக்கி எடுக்க முடியாது, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்து இரண்டு கைக்கும் வந்ததை வாரிக்கொண்டு, விறகைத் தூக்குகிறவள் போல அலட்சியமாக நடந்தாள். தெரு திரும்பும் வரை முதுகில் குண்டு பாயும் என்று எதிர்பார்த்தாள்.

வீட்டுக்குள் வந்து தாழ்போட்டபின் நடந்ததைக் கணவனிடம் சொன்னாள். அவன் கேலி பேசவில்லை. "ஒம்துர்மான் தட்டானுங்க கடையத் திறந்து வெச்சிருந்தா அது தங்கமில்லன்னு நாளைக்கே தெரிஞ்சிரும். கிளம்பு," என்றான்.

அவளைக் காட்டிக்கொடுத்ததும் விடப்பட்டிருந்த கூவா ஒரு கழுதை வண்டியைக் கொண்டுவந்தான். அவனையும் வரச் சொன்னாள். தன் பிள்ளைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டான். காகிதத்தை வண்டியில் பரப்பி, அதன்மேல் மெத்தையைப் போட்டு, தாஜுஸ்ஸிரைக் கிடத்தினார்கள். பாலத்தருகே ஒரு சோதனைச்சாவடிக்காரன் மெத்தை நுனியைத் தூக்கிப் பார்த்தான்.

"என்ன காகிதம் இது? யாருக்குத் தகவல் கொண்டு போறே?"

"இவருக்கு நின்னு போக முடியாதுப்பா. மூத்திரத்த உறிஞ்சறதுக்குப் போட்டிருக்கேன். வேணும்னா தொட்டுப் பாரு."

அவன் மூக்கைச் சுளித்துக் கையை ஆட்டிவிட்டான். வண்டி வெகுதூரம் வந்த பிறகு தாஜுஸ்ஸிர் வாய் திறந்தான்.

"இத்தன வருஷமா உன் பேராசிரியர் என் தலைமேல ஏறி உக்காந்திருந்தாரு. இன்னிக்குத்தான் நான் அவர்மேல படுத்திருக்கேன்."

அவள் சிரிக்கத் தொடங்கி அழுதுவிட்டாள்.

வழியில் லாரி பிடித்துக் கஸ்ஸலா வந்து சேர்ந்ததும், தங்கை வீட்டுத் தரையில் உட்கார்ந்து காகிதங்களைப் பிரித்துப் பார்த்தாள். பஞ்சத்து ஜனங்களின் பேச்சு ஒரு தாள்கூட அதில் இல்லை. மற்றவர்கள் எழுதிய கட்டுரைகளைப் படித்துவிட்டுப் பேராசிரியர் பத்திரிகைகளுக்கு அனுப்பிய அபிப்பிராயங்களின் நகல்கள். 'இதை வெளியிட வேண்டாம்', 'ஆதாரம் போதாது' என்று தாள் தாளாக. இதற்காகவா உயிரைக் கொடுக்கப் பார்த்தோம் என்று இருந்தது. ஆனாலும் வரிசைப்படுத்தித் துணியில் கட்டி, மாவு டின்னுக்குள் வைத்து மூடினாள்.

கூவா வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினான். மறுநாளே பிஷாராவின் ஆட்கள் அவள் வீட்டுக்குத் தேடி வந்து கதவை உடைத்தார்களாம். சாவிக்காரி எங்கே என்று கேட்டார்களாம். அப்புறம் நிலையத்தின்மேல் குண்டு விழுந்து கூரை போய்விட்டது. உள்ளே என்ன மிச்சம் என்று பார்க்க யாரும் போகவில்லை. தன் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றும் சொன்னான். அதில் அவளுடைய நம்பர் இருந்தது.

அதன்பிறகு தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் அவள் எடுப்பதில்லை. சந்துக்குள் பிக்கப் வண்டி திரும்பும் சத்தம் கேட்டால் எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு நாள் போன் விடாமல் அடித்தது.

"எடேன்," என்றான் தாஜுஸ்ஸிர். "காகிதம் தப்பிச்சுதான்னு கேக்கற மாணவன் எவனாவது வெளிநாட்டுலேருந்து கூப்பிடுவான்."

"இருக்கலாம்," என்றாள் ஸித்தனா. "பிஷாராவாவும் இருக்கலாம்."

அடித்து ஓயும் வரை இருவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.